எல்லையில் பார்த்துக்கொள்ளலாம்

பிரிக்பீல்ட்ஸில், ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலில் வெள்ளிக்கிழமைத் தரிசனத்தை முடித்துக்கொண்டு, ஐந்தடி ஓரத்துக் கடையில் தே தாரிக் குடிக்க உட்காரும் பெரியவர்கள் கூட்டத்தில், வெளிநாட்டுப் பிரயாணம் என்ற பேச்சு எழுந்த மாத்திரத்தில் கிளாஸைக் கீழே வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "விசாவுக்கு இப்பவே எதுக்குங்க அலையணும்? எல்லையில போய்ப் பார்த்துக்கலாம் லா" என்று அபயம் அளிக்கும் ஒருவர் நிச்சயமாக இருப்பார். துறைமுகத்திலோ ரயில்வேயிலோ லாரிக் கம்பெனியிலோ வெகுகாலம் உழைத்து ஓய்வு பெற்றவர். எதிரே இருப்பவர் எந்தத் தேசத்தின் பெயரைச் சொன்னாலும் அதன் வாசல்வரை போய் வந்தவர்போலத் தலையசைக்கிறவர். அவரை எல்லைவாதி என்றே அழைப்போம். அவர் சொல்வது வெறும் யோசனையாக இருந்தால் மறுத்துவிடலாம். அதுவோ ஒரு சித்தாந்தம்.

சித்தாந்தத்துக்குப் பிரமாணம் வேண்டுமல்லவா? எல்லைவாதியின் பிரமாணம் ஹட்யாய். பள்ளி விடுமுறை வந்தால் குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு, புக்கிட் காயு ஹீத்தாம் வழியாகத் தாய்லாந்துக்குள் நுழைந்து, இரண்டு நாள் சுற்றிவிட்டு, உலர்ந்த மாம்பழமும் முந்திரிப்பருப்புமாகத் திரும்பி வருவார். காரைத் தவிர்த்து ரயிலில் போகும் வருஷங்களில், இரண்டு தேசத்துக் குடிநுழைவு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் பாடாங் பெசார் ஸ்டேஷனைப் பார்த்து, "எல்லைன்னா இவ்வளவுதான்" என்று மகிழ்வார். இதில் விசேஷம் என்னவென்றால், மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்குத் தாய்லாந்து விசாவே கேட்பதில்லை. ஆகவே, எல்லையில் விசா வாங்குவதன் சௌகரியத்தைக் குறித்து இத்தனை காலமாக உபந்நியாசம் செய்துவரும் நம் பெரியவர், எந்த எல்லையிலும் விசா என்ற ஒன்றை வாங்கியவரே அல்லர். இதை ஒருமுறை ஒரு துடுக்கான வாலிபன் எடுத்துச் சொன்னபோது, அவர் சற்றும் கலங்காமல், "அதைத்தான் தம்பி நானும் சொல்றேன். போனா கேக்க மாட்டான்!" என்று அவனையே தம் பக்கத்துச் சாட்சியாக்கிக்கொண்டார்.

அந்த ஹட்யாய்ப் பாதைக்கும் சோதனை வராமல் இல்லை. முன்பெல்லாம் வருகைச் சீட்டு என்ற காகிதம் ஒன்று உண்டு. எல்லைக்கு முந்தைய சங்லூன் பக்கத்துக் கடைகளில் ஓரிரண்டு வெள்ளி கொடுத்தால் அவர்களே பூர்த்தி செய்து தந்துவிடுவார்கள். 2025 மே 1 முதல் அந்தச் சீட்டு மின்வடிவம் பெற்று, வந்து சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டிய சமாசாரமாகிவிட்டது. இப்போது கார் குரூண் ஓய்விடத்தில் நிற்கும்போது, பின்சீட்டில் இருக்கும் மகள் கைப்பேசியில் ஐந்து பேருக்கும் சேர்த்துத் தட்டிப் பதிவு செய்கிறாள். எல்லைவாதி அந்தச் சமயம் பார்த்துப் பழம் வாங்கப் போய்விடுகிறார். கண்ணால் காணாத காரியம் நடக்காத காரியமே அல்லவா?

வைஷ்ணவ சம்பிரதாயத்தில் மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இரண்டு சொல்வார்கள்: குரங்குக் குட்டி தன் தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது, பூனைக்குட்டியோ ஒன்றும் செய்யாமல் கிடக்க, தாய்ப்பூனை அதைக் கவ்விக்கொண்டு போகிறது. நம் எல்லைவாதி சுத்தமான மார்ஜார மதத்தினர். மர்க்கட மதத்தின் பிரதிநிதியைப் பார்க்கவேண்டுமானால் கிள்ளானுக்குப் போகவேண்டும். விதிவசத்தால் அவர் இவருடைய சம்பந்தி.

சம்பந்தி தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெங்கு கிளானா சாலைக்குப் பூ வாங்கப் போனாலும் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு இருக்கும். இவருடைய தகப்பனார் 'ரஜூலா' கப்பலில் போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்திறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் நாட்களை எண்ணியவர். 1953-இல் குடிநுழைவுச் சட்டம் இறுகிய பிறகு, ஒரு காகிதம் குறைந்ததால் ஊருக்குப் போனவர் திரும்ப முடியாமல் அங்கேயே நின்றுபோன கதைகளைக் கேட்டே இவர் வளர்ந்தார். ஆதலால் இந்திய விசா விண்ணப்பம் பிறருக்கு எவ்வளவு உபத்திரவமோ, இவருக்கு அவ்வளவு ஆனந்தம். பெற்றோர் பிறந்த ஊர், பாட்டன் பாட்டி பாகிஸ்தான் பிரஜைகளா என்ற வினா, கடந்த பத்து வருஷங்களில் போய்வந்த தேசங்கள், இந்தியாவில் தெரிந்தவருடைய விலாசம் என்று ஒவ்வொன்றாக ரசித்து எழுதுவார். வெளியே தெரியும் அங்க அடையாளம் என்ற கட்டம் வந்ததும் சட்டையைக் கழற்றிக் கண்ணாடிமுன் நின்று, எந்த மச்சத்தை அரசாங்கத்துக்குச் சமர்ப்பிப்பது என்று மனைவியைக் கலந்தாலோசித்ததாகக் கேள்வி. நம் ஊர்க் கடப்பிதழ்ப் படத்தின் அளவு இந்திய விசாவுக்கு ஒத்துவராது. அதற்கு இரண்டு அங்குலச் சதுரம் வேண்டும். அந்தச் சதுரத்தை ஸ்டூடியோக்காரர் வெட்டும்போது சம்பந்தி பக்கத்தில் நின்று அளவுகோலால் சரிபார்ப்பார்.

இவ்விருவரும் சில வருஷங்களுக்கு முன் ஒரே கோஷ்டியில் காசி, முக்திநாத் யாத்திரை புறப்பட்டார்கள். சம்பந்தி பலமுறை நுழைவதற்குரிய இந்திய விசாவைக் கடப்பிதழில் ஒட்டவைத்துக்கொண்டதோடு நில்லாமல், கோலாலம்பூரிலுள்ள நேப்பாளத் தூதரகத்துக்கும் நடையாய் நடந்து அந்த விசாவையும் வாங்கி வைத்துக்கொண்டார். எல்லைவாதி வழக்கப்படி ஒன்றும் செய்யவில்லை. சென்னை விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்பதால் மகள் அவருக்கு ஓர் இ-விசா எடுத்துக் கொடுத்திருந்தாள்; அதை அவர் தம் மதத்துக்கு நேர்ந்த சிறிய அபசாரமாகக் கருதி மன்னித்துவிட்டார்.

கோரக்பூரிலிருந்து பஸ்ஸில் சோனௌலி. அங்கே இந்தியரும் நேப்பாளியரும் 1950-ஆம் வருஷத்து உடன்படிக்கையின் புண்ணியத்தால் விசா இல்லாமல் இருபுறமும் போய்வந்துகொண்டிருப்பார்கள். அன்னியர் மட்டும், கடைகளுக்கு நடுவே கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்கும் இந்தியக் குடிநுழைவு அலுவலகத்தைத் தேடிப்பிடித்து முத்திரை வாங்கிக்கொண்டு, வளைவுக்கு அப்பால் பேலஹியாவில் நேப்பாள அதிகாரியின் எதிரே நிற்கவேண்டும். அங்கேதான் எல்லைவாதியின் மகாவிஜயம் நிகழ்ந்தது. ஒரு படம், 15 நாளுக்கு 30 டாலர், சற்று நேரத்தில் விசா! வாரக்கணக்கில் அலைந்து விசா வாங்கிய சம்பந்தி அதே வரிசையில் அவருக்குப் பின்னால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பார்த்தீங்களா சம்பந்தி! இதுக்குப் போய்..." என்று எல்லைவாதி சிரித்தார். அந்த 30 டாலர், மடிப்பு விழாதிருக்கும்பொருட்டு அகராதியின் பக்கங்களுக்கிடையே வைக்கப்பட்டு, சம்பந்தியின் கோப்பிலிருந்து கடனாக வந்தது என்பதையும், படமும் அதே கோப்பின் மூன்றாவது உறையில் 'சம்பந்தி – உபரி' என்று எழுதி வைத்திருந்தது என்பதையும் அவர் அப்போது நினைவுகூரவில்லை. தூதரகத்தாலும் எல்லையாலும் ஆன வேற்றுமை இது அன்று என்பது என் அபிப்பிராயம். இவரைக் கவ்விச் செல்லும் பூனை எந்தச் சாவடியிலும் உத்தியோகம் பார்க்கவில்லை. பின்சீட்டில் கைப்பேசியோடும், பக்கத்து இருக்கையில் கோப்போடும் உட்கார்ந்திருந்தது.

பசுபதிநாதரையும் முக்திநாதரையும் சேவித்துவிட்டு அதே வழியாகத் திரும்பினார்கள். இ-விசாவோடு இந்தியாவை விட்டு வெளியேற எந்தக் குடிநுழைவுச் சாவடியும் போதும். நுழைவதற்கோ, அக்காலத்து விதிப்படி, குறிப்பிட்ட விமான நிலையங்களும் சில துறைமுகங்களும்தாம் வாசல். சோனௌலி இரண்டிலும் சேராது. அதிகாரி மிகவும் மரியாதையாகக் கடப்பிதழைத் திருப்பிக் கொடுத்தார். எல்லைவாதி தமக்குத் தெரிந்த மலாயையும் ஆங்கிலத்தையும், சினிமாவில் கேட்ட இந்தியையும் கலந்து, தாம் சில நாட்களுக்கு முன் இதே வாசல் வழியாகப் போனவர் என்பதை விளக்கினார். போனதை யாரும் மறுக்கவில்லை. சம்பந்தி கோப்பைத் திறந்து உறை உறையாகத் தேடினார். யாவற்றுக்கும் அதில் நகல் இருந்தது. தம் கடப்பிதழில் ஒட்டியிருக்கும் விசாவுக்கும் நகல் இருந்தது; ஆனால் அதில் இருந்த பெயர் வேறு.

கடைசியில் பூச்சோங்கிலிருந்து மகள்தான் காத்மாண்டுவிலிருந்து டில்லிக்கு விமானச் சீட்டு எடுத்து அனுப்பினாள். கோஷ்டியார் கோரக்பூர் வந்து, இரவெல்லாம் ரயிலில் குலுங்கி, டில்லி ஹோட்டலை அடைந்தபோது, எல்லைவாதி குளித்து விபூதி இட்டு, முன்கூடத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என்ன சம்பந்தி, இவ்வளவு லேட்டு?" என்று விசாரித்தார்.

ஸ்காட் சாலைக் கடையில் இந்த வரலாறு இப்போது வேறு உருவம் எடுத்திருக்கிறது. அதில் சோனௌலி அதிகாரி, "ஐயா, உங்களைப்போன்ற பெரியவர் பஸ்ஸில் வரலாமா?" என்று கேட்டுவிட்டு, விமானத்தில் போகச் சொல்கிறார். கேட்பவர்களும் ஒத்துக்கொள்கிறார்கள். சென்ற வாரம் ஒருவர் கயிலாய யாத்திரை போகப்போவதாகவும், திபெத்துக்குள் நுழைய முன் அனுமதிப் பத்திரம் இல்லாமல் முடியாதாமே என்றும் கவலையோடு விசாரித்தார். எல்லைவாதி கிளாஸைக் கீழே வைத்தார்.

அன்று மாலையே செய்தி கிள்ளானுக்கு எட்டிவிட்டது. சம்பந்தி ஒரு வார்த்தையும் சொல்லாமல், மருமகளிடம் அவள் தகப்பனாரின் படத்தை வாங்கிக்கொண்டு, ஸ்டூடியோவில் எட்டுப் பிரதி போடச் சொன்னார்.