காற்றிலிருந்து வெந்நீர்

கேள்வி: ஜமுனாமரத்தூரில் வீடு கட்டியிருக்கிறோம். மார்கழிக் காலையில் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகிறது. ஹீட் பம்ப் வாங்கலாம் என்கிறான் மகன். அதில் பல வகையாமே, எதை வாங்க?
– ஒரு வாசகி

பதில்: மகனுக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுங்கள், சரியாகத்தான் சொல்கிறான்! ஓடுகிற ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் கையை வைத்துப் பாருங்கள், கதகதவென்றிருக்கும். உள்ளேயிருக்கும் கத்தரிக்காயிடம் பிடுங்கிய சூடு அது. அதேபோல் ஹீட் பம்ப் வெளிக்காற்றிடம் சூட்டைப் பிடுங்கித் தண்ணீருக்குக் கொடுக்கிறது. குளிர்காற்றில் ஏது சூடு என்பீர்கள். பனி கொட்டும் நார்வேயிலேயே எடுக்கிறார்கள். உங்கள் பக்கத்துக் காவலூர் வானோக்கு நிலையம் இருப்பதே 725 மீட்டர் உயரத்தில்தான். அவ்வளவு உயரத்து ஜவ்வாது மலைக் குளிர் ஹீட் பம்புக்கு ஒரு பொருட்டே இல்லை.

100 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற, கீசர் சுமார் மூன்றரை யூனிட் தின்னும். ஹீட் பம்புக்கு ஒன்றேகால் யூனிட் போதும்.

நீங்கள் கேட்ட வகைகளில், பூமிக்குள் குழாய் பதித்துச் சூடெடுப்பது வேண்டவே வேண்டாம். பாறையைத் துளைத்தே காசு கரைந்துவிடும். அறையைச் சூடாக்கும் ஏ.சி.யும் இரண்டு மாதக் குளிருக்கு அதிகம், நல்ல கம்பளி வாங்குங்கள். தொட்டியோடு சேர்ந்த, காற்றிலிருந்து சூடெடுக்கும் வகையே உங்களுக்கு ஏற்றது. கீசர்போல் நொடியில் கொதிக்காது, இரவே போட்டுவையுங்கள். மூடிய குளியலறைக்குள் மட்டும் மாட்டிவிடாதீர்கள். அது குளிர்காற்றை ஊதும், அடியில் தண்ணீரும் சொட்டும். கொல்லைப்புறத் தாழ்வாரம்தான் அதற்குச் சரியான இடம்.