விடுதலைப் பத்திரம்

தமிழில் அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். கன்னடத்தில் ஹக்கு பிடுகடெ பத்ர. உரிமையை விடுவிக்கும் பத்திரம். அப்பன் சொத்தில் எனக்குள்ள பங்கு எனக்கு வேண்டாம் என்று மகள் எழுதிக் கொடுக்கும் காகிதம். யாருக்கு விடுதலை என்று கேட்காதீர்கள். மைசூரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் அந்தக் கேள்வி அபசகுனம்.

காட்சி நீங்கள் பார்த்ததுதான். அக்கா ஹாசனிலிருந்து வந்திருப்பாள், தங்கை ஓசூரிலிருந்து. அண்ணன் கார் அனுப்பியிருப்பார். பிரசவத்துக்கு அனுப்பாத கார். அம்மா மூலை பெஞ்சில் உட்கார்ந்து, "நாளைக்குக் கௌரி பண்டிகைக்கு வந்து நிக்க ஒரு வாசல் வேணுமில்லையா?" என்பார். அவரும் ஒரு காலத்தில் இதே போலக் கட்டைவிரலை நீட்டியவர்தான். அவருடைய அம்மாவிடம் அதைக்கூட யாரும் கேட்கவில்லை. இரண்டு தலைமுறையாக இந்த வீட்டுப் பெண்களுக்கு இறங்கி வரும் சொத்து, மசி படிந்த அந்த விரல்தான்.

சும்மா வாங்குவதில்லை. பதிலுக்கு வருஷா வருஷம் முறத்தில் பாகின என்னும் சீர் வரும். மஞ்சள், குங்குமம், வளையல், வெல்லம், ரவிக்கைத் துண்டு. நிலம் அண்ணனுக்கு. மஞ்சள் தங்கைக்கு.

சட்டம் இல்லையா? நிறைய இருக்கிறது. 1933-லேயே மைசூர் சமஸ்தானம் இந்துப் பெண்களின் சொத்துரிமைக்குச் சட்டம் போட்டது. 1994-இல் கர்நாடகம், கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பிலேயே மகளுக்கும் சம பங்கு என்றது. அதற்கு முன் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. தாலி ஏறிய தேதியைப் பார்த்து ரத்தம் மாறும் போலிருக்கிறது. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அந்த விலக்கையும் தூக்கியது. உடனே ஊருக்கு ஊர் ஆண்களின் ஞாபகசக்தி பெருகியது. "தாத்தா அப்பவே வாய்வார்த்தையா பிரிச்சுக் கொடுத்துட்டாரே!" பேத்தி எந்த வகுப்பு என்று சொல்லத் தெரியாத தாத்தா, எந்த வரப்பு யாருக்கு என்று மட்டும் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறார். 2020-இல் உச்ச நீதிமன்றம் மகள்களின் பங்கை உறுதி செய்தபோது, இந்த வாய்மொழிப் பாகப்பிரிவினைக் கதைகளை எளிதில் நம்பாதீர்கள் என்றும் சேர்த்தே எழுத வேண்டியிருந்தது.

ஆனால் நாம் சட்டத்தை மீறுகிறவர்கள் இல்லை. தங்கைக்குப் பங்கு உண்டு என்று மனதார ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொண்டால்தானே எழுதி வாங்க முடியும்?

இதில் மைசூருக்கு நானூறு வருட அனுபவம். 1610-இல் அரசர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தார். தசராவைத் தொடங்கினார். தோற்ற திருமலராயரின் மனைவி அலமேலம்மா விதவையாகி நின்றாள். கையில் நகை இருந்தது. அரசர் ஆள் அனுப்பினார் என்கிறது கதை. தனக்காகவா கேட்டார்? சிவ சிவா. ரங்கநாயகித் தாயாருக்குச் சாத்தத்தான். பெண்ணிடமிருந்து பிடுங்கும்போது கடவுளைச் சாட்சிக்கு அழைப்பது நம் பண்பாடு. அவள் முத்து மூக்குத்தியை மட்டும் கழற்றிக் கொடுத்தாள். போதவில்லை. படை போயிற்று. மிச்ச நகையோடு காவிரியில் குதித்தாள், மைசூர் அரசருக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்துவிட்டு. அரண்மனை அவளுக்கு உருவம் செய்து வைத்தது. இன்றும் நவராத்திரியில் பூஜை உண்டு.

சாபம் பலித்ததா என்பது தசராதோறும் ஊர் பேசும் பேச்சு. பெண்பிள்ளைகளைப் பிள்ளைக் கணக்கில் சேர்த்தது யார் என்று எவரும் பேசுவதில்லை. 1894-இல் சாமராஜேந்திர உடையார் இறந்தபோது மகன் சிறுவன். 1902 வரை ராஜ்ஜியத்தை நடத்தியவர் மகாராணி வாணி விலாச சந்நிதானம். மகன் வளர்ந்ததும் சாவி கை மாறியது. பார்த்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளக் கூடாது. 2013-இல் ஸ்ரீகண்டதத்த உடையார் பிள்ளையின்றி மறைந்தார். 2015-இல் தத்தெடுக்கப்பட்ட வாரிசு, அவருடைய அக்காவின் மகள் பெற்ற மகன். ரத்தம் இரண்டு பெண்கள் வழியாகத்தான் வந்தது. பட்டம் மட்டும் ஓர் ஆண் பிறக்கும்வரை காத்திருந்தது. அதுவும் ராஜ்ஜியமே ஒழிந்துபோன நாட்டில்.

பக்கத்து நஞ்சன்கூட்டில் 1878-இல் பிறந்தவர் நாகரத்தினம்மாள். தாயின் சொத்து மகளுக்கு இறங்கும் தேவதாசி குலம். யோக்கியமான வீடுகளில் அந்த வழக்கம் கிடையாது. பாடிச் சம்பாதித்த பணத்தில் 1920-களில் திருவையாற்றில் தியாகராஜருக்கு ஆலயம் கட்டினார். கட்டி முடித்த பிறகும் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாதாம். செங்கல்லுக்குத் தீட்டில்லை, குரலுக்குத்தான். அவர் அழவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு சந்நிதிக்குப் பின்னால் தனி ஆராதனையே நடத்தினார். 'பெண்கள் கட்சி' என்று பெயர். 1952-இல் இறந்தார். இப்போது அங்கே அவருக்கும் சிலை இருக்கிறது. உயிரோடிருக்கும் பெண்ணுக்கு இடம் கொடுப்பதைவிடச் சிலைக்கு இடம் கொடுப்பது சல்லிசு. அது பங்கு கேட்காது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் நம்பர் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா முதலில் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் வாங்கி வைத்த மைசூர்ப் பட்டு மடியில் இருக்கிறது. அசல் சரிகை. ரசீது அவர் சட்டைப்பையில். தங்கை மட்டும் பேனாவைத் திறக்காமல், "படிச்சுப் பாத்துடறேன்" என்றாள். பத்திர எழுத்தர் நிமிர்ந்தார். "கூடப் பிறந்தவன்மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் அண்ணன். பதில் இல்லை. இரண்டாவது பக்கத்தைத் திருப்பினாள். அம்மா பெஞ்சிலிருந்து மறுபடி அந்த வாசல் பேச்சை எடுத்தார்.

"அந்த வாசல்லயும் எனக்குப் பங்கு இருக்கும்மா" என்றாள் அவள், தலை நிமிராமல்.