இஸ்கூலும் இலக்கணமும்

கேள்வி: நான் சரளமாக ஆங்கிலம் பேசுவேன். ரியூஷன் கொடுக்க இலக்கணமும் மொழியியலும் எதற்கு?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தமிழும் சரளமாகத்தானே பேசுகிறீர்கள்? 'வீட்டுக்கு' என்பதில் ஏன் 'ட்' இரட்டிக்கிறது, 'மரத்துக்கு' என்பதில் 'ம்' எங்கே போனது என்று ஒரு சிங்கள மாணவர் கேட்டால் உடனே பதில் வருமா? ஆங்கில வகுப்பிலும் இதே கேள்விகள்தான் வரும். பேசத் தெரிந்தால் பேசலாம். காரணம் தெரிந்தால்தான் கற்பிக்கலாம்.

கேள்வி: என் மகன் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்கிறானே, திருத்த முடியாதா?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: பிள்ளை தொல்காப்பியர் வழியில் நடக்கிறான்! தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. அதனால் நாக்கு முன்னால் ஓர் உயிரைத் தேடுகிறது. ஸ்பானியர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டச் சொல்லி, மூச்சு விடாமல் 'கூல்' சேர்க்கச் சொல்லுங்கள். அதட்ட வேண்டாம்.

கேள்வி: ஆங்கிலம் கற்பிக்கும் துறையில் நம்மவர் யாராவது சாதித்திருக்கிறார்களா?
(மாணவி, வெள்ளவத்தை)

பதில்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா. ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய அவரது நூலை 1999இல் ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகமே வெளியிட்டது. அடுத்த நூலை நீங்கள் எழுதுங்கள்.