மாப்பிள்ளைக்கு ஆகாத கார்

1964 ஏப்ரல் 17 அன்று ஃபோர்டு மஸ்டாங் வெளிவந்தது. அமெரிக்காவே அதன் பின்னால் ஓடியது. நீண்ட பானெட், குட்டையான பின்புறம், இரண்டு கதவு, இளவட்டங்களுக்குக் கட்டுப்படியாகும் விலை. இந்த ஜாதிக்குப் போனி கார் என்று பெயர் வைத்தார்கள். இதில் பரிதாபம், ஏறக்குறைய அதே லட்சணங்களோடு பிளிமத் பாராகுடா ஏப்ரல் 1-ஆம் தேதியே கடைக்கு வந்துவிட்டது. மஸ்டாங் அளவுக்குச் சீந்துவாரில்லை.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாராகுடா, ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இத்தனைக்கும் அது மஸ்டாங்குக்கு மூத்தது. இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்து, 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டாக வந்தது. 1961 முதல் மெட்ராஸிலேயே தயாரானது. அம்பாசடர் கல்கத்தாக்காரன், பியட் பம்பாய்க்காரன். நம்மூர்ப் பிள்ளை இது ஒன்றுதான். ஆனாலும் மிராசுதார்கள் அம்பாசடருக்கே பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். அதில் ஏழு பேரும் ஏறலாம், டிக்கியில் விதைநெல்லும் ஏறும்.

எங்கள் பெரியப்பாவுக்குத் திருவையாற்றுக்கு மேற்கே கொஞ்சம் நிலமும் ஒரு ஹெரால்டும் நிறைய அபிப்பிராயங்களும் இருந்தன. "அம்பாசடர்ல உக்காந்தா தாசில்தார் மாதிரி இருக்குடா. இதுல உக்காந்தா ஜெமினி கணேசன்" என்பார். கண்ணாடியில் பார்த்துத்தான் சொன்னாரா என்று பெரியம்மா கேட்பாள்.

வண்டிக்கு வித்தைகள் உண்டு. லண்டன் டாக்ஸிக்குச் சமமாக, இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் நடவு வயல், எதிரே பஸ் என்று இருக்கிற எங்கள் ஆற்றங்கரைச் சாலைகளில் அதன் அருமை தெரியும். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்பக்கமாகக் கவிழும். மெக்கானிக் முன் டயரிலேயே உட்கார்ந்து, வெற்றிலை போட்டபடி வேலை பார்ப்பார். பின் சக்கரங்கள் தனித்தனியாக ஊசலாடுகிற அமைப்பு. பின்சீட்டில் கனத்த சம்பந்திகள் ஏறிவிட்டால் பந்தியில் சம்மணம் போட்டவரைப் போலச் சக்கரம் இரண்டும் அகன்று உட்கார்ந்துவிடும். களிமண் சாலையில் வளைவை வேகமாக எடுத்தால் வால் தனியாக ஒரு முடிவுக்கு வரும். பெரியப்பா அதை ஆனந்தம் என்றார்.

வில்லங்கம் கதவில்தான். இரண்டே கதவு. மாப்பிள்ளையை மரியாதையாக முன்னால் உட்காரவைத்தால், கோயில் வாசலில் மாமியார் இறங்க அவர் முதலில் இறங்கி, சீட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பின்னால் உட்காரவைத்தால், பட்டுவேட்டியோடு தவழ்ந்து வெளியே வரவேண்டும். தலைதீபாவளிக்கு எங்கள் மாப்பிள்ளை இரண்டையும் செய்தார்.

கம்பெனிக்காரர்களுக்கும் மாப்பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். அறுபதுகளின் கடைசியில் ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தார்கள். பிறந்த இங்கிலாந்தில்கூடக் கிடைக்காத பாக்கியம், இந்தியாவுக்கு மட்டும். பிறகு அதையே கொஞ்சம் திருத்தி, கேஸல் என்று பெயரையும் மாற்றி, எழுபதுகளிலேயே நிறுத்தியும் விட்டார்கள். குடும்பத்துக்காக அழகை விட்டுக்கொடுத்தும் குடும்பங்கள் அம்பாசடரைத்தான் வாங்கின.

நான்கு கதவு வண்டியைப் பார்க்கப் பெரியப்பாவும் போனார். ஒரு சுற்றுச் சுற்றினார். "இது கல்யாண வண்டி" என்று சொல்லிவிட்டுத் தன் பழைய இரண்டு கதவிலேயே திரும்பி வந்தார். மாப்பிள்ளை அதற்கப்புறம் பஸ்ஸில்தான் வந்து போனார். பெரியப்பாவுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.