முழங்கால் தண்ணீரில் நங்கூரம்

மீன்பிடி கயாக்கை ஆழமில்லாத நீரில் நங்கூரமிடுவது என்பது, முப்பது கிலோ பிளாஸ்டிக் படகையும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் எழுபது கிலோ மனிதரையும் ஒன்றரைக் கிலோ இரும்பை நம்பி ஓரிடத்தில் நிறுத்தி வைப்பது. படகின் நீளம் மூன்று, நாலு மீட்டர். தண்ணீருக்குள் அமிழ்வது ஒரு சாண்கூட இராது. இவ்வளவு லேசான சாமானுக்கு நங்கூரம் எதற்கு என்று கேட்பவர்கள் அதில் உட்கார்ந்து தூண்டில் போட்டுப் பார்த்ததில்லை. லேசாக இருப்பதுதான் தொல்லையே. காற்று ஊதினால் போகும், நீரோட்டம் இழுத்தால் போகும், நல்ல கொடுவா ஒன்று மாட்டினால் அதன் பின்னாலும் போகும்.

இந்தத் தொல்லைக்குத் தோதான இடம் சாத்தம், அந்தமானில் போர்ட் பிளேர் துறைமுகத்துக்குள் இருக்கும் குட்டித் தீவு. (போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியாயிற்று, வாயில் பழைய பெயர்தான் முதலில் வருகிறது.) ஊரின் ஹேடோ பகுதியிலிருந்து ஒரு பாலம் தாண்டினால் சாத்தம். அங்கே படகுத்துறையில் ஃபெரி ஏறினால் எதிர்க்கரையில் பேம்பூ பிளாட். அந்த ஃபெரியில் மனிதர், மோட்டார் சைக்கிள், லாரி எல்லாம் ஒன்றாகப் போகும். கரையோரங்களில் சேறு, சதுப்புநிலக் காடு, ஓடைகள். ஆக, ஆழமில்லாத தண்ணீருக்கும் அதில் வரக்கூடிய சங்கடங்களுக்கும் பஞ்சமே இல்லை.

இங்கே நங்கூரம் போட்டவர்கள் அதிகம், நிலைத்தவர்கள் குறைவு. 1789-ல் ஆர்ச்சிபால்ட் பிளேர் சாத்தத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஒரு குடியிருப்பை நிறுவினார். மூன்றே வருடத்தில், 1792-ல், அதை வட அந்தமானுக்கு மாற்றினார்கள். அங்கே காய்ச்சல் வாட்டியதில் 1796-ல் அதையும் மூடினார்கள். 1858 மார்ச் 10-ஆம் தேதி தண்டனைக் குடியிருப்பு அமைக்க ஜே.பி. வாக்கர் 'செமிராமிஸ்' என்ற கப்பலில் 200 கைதிகளோடு வந்து மறுபடியும் சாத்தத்திலேயே இறங்கினார். குடிதண்ணீர் போதவில்லை; ஜாகையை ராஸ் தீவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நிஜமாகவே வேரூன்றியது 1883-ல் வந்த மர அறுவை ஆலைதான். காட்டு மரங்களைத் தெப்பமாகக் கட்டிக் கடல் வழியே இழுத்து வரத் தோதான இடம் என்பதால் அது பிழைத்துக்கொண்டது.

கயாக்குக்காரர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எங்கே நங்கூரம் போடக்கூடாது என்பதை. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டு சர்வதேச விதிகளில் 9-வது விதி, குறுகலான கால்வாயில் நங்கூரமிடுவதைக் கூடுமானவரை தவிர்க்கச் சொல்கிறது. 30-வது விதி, நங்கூரமிட்டு நிற்கும் கலம் பகலில் முன்பக்கத்தில் ஒரு கறுப்பு உருண்டையும், இரவில் வெள்ளை விளக்கும் காட்ட வேண்டும் என்கிறது. 7 மீட்டருக்குக் குறைவான படகுக்கு விலக்கு உண்டு. கயாக்குக்காரர் இந்த இடத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடக்கூடாது. கப்பலும் ஃபெரியும் வழக்கமாகப் போய்வரும் இடத்தில் அந்த விலக்கு செல்லாது. ஆகவே சாத்தம் ஃபெரிப் பாதையின் நடுவே நின்று மீன் பிடிக்க விரும்புகிறவர் கறுப்பு உருண்டையோடு போக வேண்டும். லாரி ஏற்றிக்கொண்டு வரும் ஃபெரியின் மாலுமி அந்த உருண்டையைப் பார்த்து என்ன சொல்வார் என்பதற்கு விதிகளில் இடமில்லை. ஓரமாகப் போவது உத்தமம்.

ஓரமாகப் போனபின் அடித்தரையைப் பார்க்க வேண்டும். கையில் இருக்கும் துடுப்பே போதும்; தலைகீழாக்கிக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். சொதக்கென்று இறங்கினால் சேறு, நறநறத்தால் மணல், டக்கென்று கேட்டால் பாறை அல்லது பவளம். பவளத்தின் மேல் எந்தக் காரணம் கொண்டும் நங்கூரம் விழக்கூடாது. அது விழுந்து உடையும் துண்டு திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும். தவிர, பவளப்பாறைகளை உண்டாக்கும் கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. புலி மேல் இரும்பை எறிவதற்கு யோசிக்கிறவர் இதற்கும் யோசிக்கலாம்.

ஆழத்தைப் பற்றி உள்ளூர்க்காரர்களைக் கேட்பது நல்ல பழக்கம். ஆனால் வயதானவர் யாராவது "அங்க இடுப்பளவு தண்ணிதான் தம்பி, நான் நின்னுருக்கேன்" என்று சொன்னால், எந்த வருஷம் நின்றார் என்று பணிவோடு கேட்டுக்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் போர்ட் பிளேர் பகுதி சுமார் 1 மீட்டர் கீழே இறங்கியது. சிப்பிகாட் பக்கம் நெல் விளைந்த வயல்களில் கடல் புகுந்தது. அதற்கு முந்திய இடுப்பளவு இன்றைக்குக் கழுத்தளவைத் தாண்டியிருக்கும்.

அடுத்தது நங்கூரம். கயாக்குக்கென்று விற்பது குடை மாதிரி மடங்கும் நாலு கொக்கி நங்கூரம்; முக்கால் கிலோவும் உண்டு, ஒன்றரைக் கிலோவும் உண்டு. விலையைக் கேட்டதும் மனிதர் வீட்டுக்குள் தேட ஆரம்பிப்பார். செங்கல், பழைய தராசின் எடைக்கல், உடற்பயிற்சியைக் கைவிட்டவரின் டம்பெல், பெயின்ட் டப்பாவில் கொட்டி இறுகிய சிமென்ட் ஆகியவை இப்படித்தான் கடலுக்கு வருகின்றன. இவற்றில் சிமென்ட் டப்பாவைத் தூக்கும்போது உண்டாகும் நம்பிக்கை தண்ணீருக்குள் இருப்பதில்லை. ஆர்க்கிமிடீஸ் அங்கே குறுக்கே நிற்கிறார். கரையில் 5 கிலோ நிறுக்கும் கான்கிரீட் தண்ணீருக்குள் சுமார் 3 கிலோதான்; 5 கிலோ இரும்போ 4 கிலோவுக்கு மேல் நிற்கும். அதோடு, நங்கூரம் படகைப் பிடிப்பது எடையால் மட்டுமில்லை, கொக்கி மண்ணுக்குள் இறங்குவதால். டப்பாவுக்குக் கொக்கி கிடையாது. அது சேற்றின் மேல் படகோடு கூடவே நடந்து வரும்.

மீனவர்கள் வெல்டிங் பட்டறையில் கட்டடக் கம்பியை வளைத்துச் செய்துகொள்ளும் கம்பி நங்கூரம் இதைவிடப் புத்திசாலித்தனமானது. பாறை இடுக்கில் சிக்கினால் இஞ்சின் படகு இழுக்கிற இழுப்பில் கம்பி நிமிர்ந்து வெளியே வந்துவிடும். கரையில் வைத்து மறுபடி வளைத்துக்கொள்ளலாம். கயாக்குக்காரர் அதைக் காப்பியடிப்பதானால் மெல்லிய கம்பியாகப் பார்த்து வாங்க வேண்டும். தடித்த கம்பியை நிமிர்த்த ஒரு மனிதனின் துடுப்பு இழுப்பு போதாது.

கயிறு விஷயத்தில் பாடப்புத்தகங்கள், தண்ணீரின் ஆழத்தைப் போல ஏழு மடங்கு கயிறு விடச் சொல்கின்றன. காரணம் நியாயமானது. கயிறு நீளமாக இருந்தால் இழுப்பு படுக்கைவாட்டில் வரும், கொக்கி ஆழமாக இறங்கும். குட்டையாக இருந்தால் இழுப்பு மேல்நோக்கி வந்து கொக்கியைப் பிடுங்கிவிடும். 2 மீட்டர் ஆழத்துக்கு 14 மீட்டர் கயிறு என்றாகிறது. ஆனால் 14 மீட்டர் கயிற்றின் நுனியில் கயாக் 14 மீட்டர் ஆரத்துக்கு வட்டமடிக்கும். பத்து மீட்டர் அகல ஓடையில் அதற்கு இடமில்லை. இந்தக் கரை மரத்தில் ஒரு முட்டு, அந்தக் கரை மரத்தில் ஒரு முட்டு. ஒரு மீட்டர் சங்கிலியை நங்கூரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அது கயிற்றைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும், மூன்று நாலு மடங்கு கயிற்றிலேயே காரியம் நடக்கும். மிதக்கும் ரகக் கயிறு வேண்டாம். பக்கத்தில் போகும் டுங்கி என்கிற இஞ்சின் படகின் விசிறியில் அது சுற்றிக்கொண்டால் டுங்கிக்காரர் பேசும் மொழி தமிழாக இருந்தாலும் தெலுங்காக இருந்தாலும் பொருள் ஒன்றுதான்.

கயிற்றைப் படகில் எங்கே கட்டுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. கைக்கு எட்டுகிறதே என்று இருக்கைக்குப் பக்கத்தில் விலாவில் கட்டுகிறவர் உண்டு. அப்படிக் கட்டினால் படகு நீரோட்டத்துக்குக் குறுக்கே திரும்பி நிற்கும், கயிறு ஒரு பக்கத்தைக் கீழே இழுக்கும், தண்ணீர் ஏறி அழுத்தும், கடைசியில் கவிழும். மாட்டை மூக்கணாங்கயிற்றால் பிடித்தால் நிற்கும், இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்தால் இழுத்துக்கொண்டு போகும். கயாக்கையும் மூக்கிலோ வாலிலோதான் கட்ட வேண்டும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து மூக்குக்குக் கை எட்டாது. எட்டி எட்டிப் பார்த்துத் தண்ணீரில் விழுந்தவர்கள் உண்டு. இதற்காக வந்ததுதான் ட்ராலி. முனையில் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி வரும் கயிற்று வளையம், அதில் ஒரு வளையக் கொக்கி. நங்கூரக் கயிற்றை அந்தக் கொக்கியில் கோத்துவிட்டு, கொடியில் துணியைத் தள்ளுவதுபோல் தள்ளினால் அது முனைக்குப் போய்விடும். ஃபெரி எழுப்பும் அலை வரும்போது மூக்கு அலையைப் பார்த்திருப்பது நல்லது. வால் காட்டினால் அலை மடியில் வந்து உட்காரும்.

கயிற்றின் மறுநுனியை முடிச்சுப் போட்டு இறுக்கவே கூடாது. ஒரு இழுப்பில் விடுபட வேண்டும், விடுபட்ட நுனியில் ஒரு மிதவை இருக்க வேண்டும். பெரிய மீன் மாட்டினால் கயிற்றை அப்படியே விட்டுவிட்டு மீனோடு போகலாம்; திரும்பி வந்து மிதவையைப் பொறுக்கிக்கொள்ளலாம். மீன் வராவிட்டாலும் மிதவை அங்கேயே இருக்கும் என்பது ஒரு ஆறுதல். கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், மூடி போட்ட பெட்டிக்குள் வாழைப்பழத்துக்கு அடியில் அல்ல.

ஒரு மீட்டருக்கும் குறைவான சேற்றுத் தண்ணீரில் இவ்வளவு தளவாடமும் தேவையில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து. இரண்டு மீட்டர் நீளக் கழி ஒன்றைச் சேற்றில் சாய்வாக ஊன்றி, படகின் முனையிலிருந்து வரும் கயிற்றை அதில் மாட்டினால் போதும். சத்தமில்லை, மீன் ஓடாது, பிடுங்குவதும் சுலபம். கயாக்கின் தரையில் தண்ணீர் வடியும் துளை வழியாகக் கழியைச் செருகும் ஆசாமிகள் ஒரு அலையோடு கழியையோ துளையையோ இழக்கிறார்கள். சில வெளிநாட்டுக் கையேடுகள், படகை விட்டு இறங்கி நின்று கழியை நன்றாக அழுத்தி ஊன்றச் சொல்கின்றன. அந்தமானில் இந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டுப் படிக்க வேண்டும். சதுப்புநில ஓடைகளில் உப்புநீர் முதலை இருக்கிறது. கையேட்டை எழுதியவர் கையேடு விற்கும் இடத்தில் இருக்கிறார்.

சதுப்பு மரத்தின் வேரிலேயே கயிற்றைக் கட்டிவிடலாமே என்று தோன்றும். கட்டலாம், தளர்வாகக் கட்டினால். தண்ணீர் வற்றும் நேரத்தில் இறுக்கிக் கட்டியவரின் கயாக் மூக்கு மட்டும் மேலே தொங்க, வால் கீழே போகும். ஏறும் நேரத்தில் இறுக்கிக் கட்டினால் மூக்கு தண்ணீருக்குள் போகும். அது இன்னும் மோசம்.

இங்கே பாடத்தின் முக்கியப் பகுதிக்கு வந்துவிட்டோம். படகு ஓடிவிடும் என்று பயந்துதான் நங்கூரம் போடுகிறார்கள். சாத்தத்தில் ஓடுவது தண்ணீர். ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிஷம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் சுமார் 2 மீட்டர் வரும். ஆறு மணி நேரத்தில் 2 மீட்டர் என்றால் மணிக்கு ஒரு அடிதானே என்று கணக்குப் போடுகிறவர் ஏமாறுவார். மாலுமிகள் பழைய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: மொத்தத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நாலாவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. அதாவது முதல் மணி நேரத்தில் 17 சென்டிமீட்டர் இறங்கும். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவது மணியில் 50, நாலாவதில் இன்னொரு 50. முழங்கால் தண்ணீரில் நிற்கும் கயாக்குக்கு அதில் பாதியே அதிகம்.

பாதி வற்றில் தரை தட்டினால் தண்ணீர் முழுக்க வற்ற மூன்று மணி நேரம், பழைய மட்டத்துக்கு ஏற இன்னொரு மூன்று மணி நேரம். மதியம் 1 மணிக்குத் தட்டியவர் 7 மணிக்கு மிதப்பார். டிசம்பரில் அங்கே மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இறங்கி நடக்கலாம் என்றால் சேறு தொடை வரை விழுங்கும். நங்கூரம் மட்டும் பக்கத்தில் வெட்டவெளியில், ஈரம் காய, நாலு கொக்கியும் தெரியும்படி கிடக்கும். இந்தக் கட்டத்தில் தூரத்து ஓடையில் ஒரு டுங்கி கட்டாயம் வரும்.

"அண்ணே, தண்ணி வத்துதுண்ணே!"

"தெரியும் தம்பி."

"எப்பண்ணே தெரிஞ்சுது?"

இதற்குப் பதில் எந்தக் கையேட்டிலும் இல்லை. தவிர்க்கும் வழி இருக்கிறது. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் போர்ட் பிளேர் உண்டு. அது கையில் இல்லாதவருக்குத் தினசரிக் காலண்டர் உதவும். அரைச் சந்திரன் நாட்களை ஒட்டி ஏற்றவற்றம் மிகவும் குறைவு. நல்ல காரியம் எதையும் தொடங்கக்கூடாது என்று பஞ்சாங்கம் ஒதுக்கி வைத்திருக்கும் அஷ்டமி, நவமிதான் முழங்கால் தண்ணீரில் நிற்கப் போகும் கயாக்குக்குச் சுபதினம். வற்றுகிற தண்ணீரில் ஓடைக்குள் நுழைவதை விட ஏறுகிற தண்ணீரில் நுழைவது மேல். தட்டினாலும் கொஞ்ச நேரத்தில் கடலே தூக்கிவிடும்.

கடைசியாக நங்கூரத்தை எடுப்பது. கயிற்றைப் பிடித்துப் படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து, நேராக மேலே இழுக்க வேண்டும், பக்கவாட்டில் சாய்ந்து அல்ல. சேறு பிடித்த நங்கூரத்தைச் சாய்ந்து இழுத்தால் நங்கூரம் மேலே வருவதற்குப் பதில் படகு கீழே போகும். வேரில் சிக்கியிருந்தால் நிலைமை இன்னும் கஷ்டம். அதற்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்து வைக்கலாம். கயிற்றை நங்கூரத்தின் தலையிலுள்ள வளையத்தில் கட்டாமல், அடியில் கொக்கிகள் கூடும் இடத்தில் கட்டி, தண்டோடு மேலே கொண்டுவந்து, தலை வளையத்தோடு ஒரு சின்ன கேபிள் டையால் பிணைத்துவிட வேண்டும். சாதாரண இழுப்பை அது தாங்கும். சிக்கிக்கொண்டால் பலமாக ஒரு வெட்டு இழுப்பு. கேபிள் டை அறுந்து, இழுப்பு அடிப்பக்கத்துக்கு மாறி, நங்கூரம் தலைகீழாகக் கழன்று வரும். கேபிள் டை போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கும். இருப்பதிலேயே மெல்லிய ரகத்தை வாங்க வேண்டும். தடித்தது அறாது, கயிறுதான் அறும்.