கவிழ்த்துப் பார்க்கும் மாமன்

அக்கா மகளுக்கு மதுரையில் கல்லூரி இடமும் விடுதி அறையும் உறுதியான மறுநாளே கவிழ்த்துப் பார்க்கும் மாமன் வேலைக்கு வந்துவிடுகிறார். காதுகுத்துக்கும் சடங்குக்கும் சீர் செய்தவர் என்ற முறையில் விடுதிச் சீரும் அவர் பொறுப்பு. நரிக்குடிப் பக்கம் இந்தச் சீருக்கு இன்னும் பெயர் விழவில்லை; உருப்படிகள் மட்டும் நிலைத்துவிட்டன: கெட்டில், சின்ன ரைஸ் குக்கர், கையில் காசு இருந்தால் இண்டக்‌ஷன் அடுப்பு. மூன்றையும் பார்த்து எடுக்கும் உரிமை மாமனுக்கே. புழங்கப்போகிற பெண், பை தூக்குவதற்காக உடன் அழைத்துச் செல்லப்படுகிறாள்.

கடையில் கெட்டிலைக் கையில் வாங்கியதும் மாமன் அதைக் கவிழ்க்கிறார். மூடி திறந்துகொள்கிறது. உள்ளிருந்த வாரண்டி அட்டை விழுகிறது. கடைப்பையன் குனிந்து பொறுக்குகிறான். அடியில் ஒட்டியுள்ள சீட்டில் வாட்ஸ் அச்சிட்டிருக்கும். அதை வாசிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி மஞ்சப்பையின் அடியில் கிடக்கிறது. அது வெளியே வரும்வரை கெட்டில் தலைகீழாகவே காத்திருக்கிறது. பிறகு அறிவிப்பு: “பாத்தியா தாயி, ஆயிரத்தைநூறு வாட்ஸ். வீட்டையே இழுத்துப்புடும்.”

அடுத்த கம்பெனிக் கெட்டிலிலும் ஆயிரத்தைநூறுதான். மூன்றாவதிலும் அதுவே. தட்டில் பதினொன்று இருந்தால் பதினொன்றும் கவிழ்கின்றன. “எல்லாம் ஒண்ணுதாண்ணே” என்று கடைக்காரர் சொன்னால், “நீங்க சொல்றீக, சீட்டு சொல்லணும்ல?” என்பது பதில். கை பழகிவிட்டதால் சீட்டு இல்லாத பொருளும் தப்புவதில்லை. பிளாஸ்டிக் வாளி, சோப்பு டப்பா, டிபன் பாக்ஸ் எல்லாவற்றின் அடிப்பாகமும் ஆராயப்படுகிறது. டவுன்ஹால் ரோட்டு டீக்கடையில் குடித்து முடித்த கிளாஸைக் கவிழ்த்துப் பார்த்ததும் உண்டு. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இரண்டு சொட்டு டீ வேட்டியில் விழுந்தது.

இப்பழக்கம் மின்கம்பியின் கடைக்கோடியில் குடியிருந்ததால் வந்தது. அந்தி சாய்ந்தால் மின்னழுத்தம் இறங்கும். குண்டு பல்பு பழுத்த பூசணிப்பூவாகும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால், 1,500 வாட்ஸ் கெட்டில் ஏறத்தாழ 900 வாட்ஸுக்குத்தான் வேலை செய்யும். பியூஸ் போனால் கம்பி சுற்றியவரும் மாமனே. வாட்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு இருட்டு ஞாபகம் வருவதில் வியப்பில்லை.

அவருடைய கொள்கை பாதி சரி. விடுதி அறைகளில் சுவிட்ச் போர்டில் பெரும்பாலும் இருப்பது சின்ன பின் பிளக். அதன் அளவு 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட்ஸ். 1,500 வாட்ஸ் கெட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஒன்பதை நெருங்கும். அதற்குப் பெரிய பின்னுள்ள பவர் பிளக் வேண்டும். 300 வாட்ஸ் குட்டிக் குக்கருக்குச் சின்ன பின் தாராளம். இவ்வளவும் மாமன் சீட்டைப் பார்த்தே சொல்லிவிடுகிறார், கடைக்காரர் சொல்வதில்லை.

மீதிப் பாதி தவறு. வாட்ஸ் குறைந்தால் கரண்ட் பில்லும் குறையும் என்பது அவர் கட்சி. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கச் சுமார் 0.08 யூனிட் தேவை. 1,500 வாட்ஸ் கெட்டில் அதை மூன்றேகால் நிமிடத்தில் செலவழிக்கும். 600 வாட்ஸ் கெட்டில் எட்டு நிமிடம் எடுத்து அதையே செலவழிக்கும், ஆறிப்போகும் சூட்டுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாக. இதை விளக்கிய மருமகளுக்கு, “படிக்கப் போறதுக்கு முன்னாடியே பாடமா?” என்ற கேள்வி கிடைத்தது.

இதர பழக்கங்கள் சிறியவை. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று பையில் இருக்கும். இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கும் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும் என்பது சரியான சோதனை. பித்தளையும் அலுமினியமும் ஒட்டாது, எவர்சில்வரிலும் பல ஒட்டாது. 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த விலையில்லா மிக்சியைப் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுபோகச் சொல்வார். தண்ணீருக்கு மானாமதுரைப் பானை போதும் என்பார்.

இத்தனைக்கும் அந்தப் பெண் கேட்டது ஒரு லிட்டர் கெட்டில். அது முதல் கடையில், முதல் தட்டில் இருந்தது. காலை பத்தரைக்கு முடியவேண்டிய வேலை ஏழு கடை ஏறி இறங்கி மாலை ஐந்தரைக்கு முடிகிறது. பஸ்ஸில் நின்றபடி ஊர் திரும்ப வேண்டியிருக்கிறது. ராத்திரி எத்தனை மணிக்குப் பசிக்கும், அப்போது என்ன செய்து சாப்பிடுவாய் என்று அவளை யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்விக்கு எந்தச் சீட்டும் தேவைப்பட்டிருக்காது.

இறுதியில் வாங்கப்படுவது முதல் கடைக் கெட்டிலே. ஏழாவது கடைக்காரர் சொன்ன விலையைக் காட்டி, முப்பது ரூபாய் குறைத்து.

விடுதியில் சேரும் நாளில் வார்டன் அதை வாங்கி வைத்துக்கொள்கிறார். அறையில் மின்சாதனங்களுக்கு அனுமதி இல்லை என்ற விதி சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கம் அச்சிடப்பட்டிருந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் மாமன். அதை மட்டும் அவர் கவிழ்த்துப் பார்க்கவில்லை.