எட்டு வருடம் பிந்தி வந்தவர்கள்

பழைய லக்கல டவுன் களு கங்கை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. புது டவுனில் ரோடு அகலம், கட்டடம் அழகு. ஆனாலும் மனம் ஒட்டவில்லையே?
- லக்கல வாசகர்

ஒட்டாது. 2018இல் புது நகரம் திறந்தார்கள், அதே வருடம் பள்ளத்தாக்கில் நீர் ஏறியது. கடைகளையும் கந்தோர்களையும் வேறிடத்தில் கட்டலாம். பஸ்ஸுக்குக் காத்திருந்த நிழலையும், யார் கடைக்குப் பக்கத்தில் யார் கடை என்ற வரிசையையும் யாராலும் கட்ட முடியாது. பெரியவர்கள் நாலு பேரை உட்காரவைத்துப் பழைய தெருவைக் காகிதத்தில் வரையுங்கள். எந்தக் கடை எங்கே இருந்தது என்று அவர்கள் சண்டை பிடிப்பார்கள். பிடிக்கட்டும், அதையும் எழுதிவையுங்கள். இதை இந்த வருடமே செய்யுங்கள்.

அணைக்காக ஒரு பழைய கட்டடத்தையே தூக்கி நகர்த்திய கதை நம் நாட்டில் உண்டா?
- நாவுல வாசகி

உங்கள் பக்கத்திலேயே! நாலந்த கெடிகே. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்ததாகக் கருதப்படும் கற்கட்டடம். மகாவலித் திட்டத்தில் போவதென்ன நீர்த்தேக்கம் வந்தபோது, 1970களில் அதைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்ப அடுக்கினார்கள். 1980இல் வேலை முடிந்தது. பௌத்தத் தலம்தான், ஆனால் கட்டிய விதம் மாமல்லபுரம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். கருவறை, மண்டபம், விமானம், மாடக்குழியில் குபேரன்.

எனக்கு அந்த இடம் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மன்னாரில் கரையேறிய நம் மலையக முன்னோர் தம்புள்ளை, நாலந்த வழியாகத்தான் மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலோடும் கைக்குழந்தையோடும் அவர்கள் போன பாதைக்குப் பக்கத்தில், பல்லவச் சாயலோடு அந்தக் கட்டடம் வயலுக்குள் நின்றிருக்கிறது. 2023இல் அவர்கள் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் போனவர்களும் அந்த வழியில்தான் வந்தார்கள். அடுத்தமுறை ஏ9 வீதியில் போகும்போது பஸ்ஸை விட்டு இறங்குங்கள்.

எகிப்தில் அபு சிம்பெல் கோயிலை நகர்த்தியதும் இப்படித்தானா?
- இரத்தோட்டை மாணவர்

ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் அளவு பெரிது. அங்கே மலையில் குடைந்த கோயிலையே வாளால் அறுத்து, 1964 முதல் 1968 வரை வேலை செய்து, சுமார் 65 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினார்கள்.

மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றினால் பழைய மஸ்கெலியாவின் கோயில் தெரிகிறது. பார்க்கப் போகலாமா?
- மஸ்கெலியா வாசகர்

பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். படம் எடுங்கள், ஒரு செங்கல்லைக்கூட எடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் மேட்டூர் அணை வற்றும்போதும் ஒரு நந்தி தலைகாட்டும், சனம் திரண்டு போய்ப் பார்க்கும். முங்கிய ஊரை யாரும் மறப்பதில்லை.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தாத்தாவின் தாத்தா காலத்தது. தொல்பொருள் திணைக்களம் காப்பாற்றாதா?
- உக்குவளை வாசகி

தானாகக் காப்பாற்றாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியது பழையது. பிந்தியது என்றால் அமைச்சர் வர்த்தமானியில் தனியாக அறிவிக்கவேண்டும். நம் மக்கள் வந்த வருடமாக நாம் சொல்வது 1823. எட்டே எட்டு வருடம்! அந்த எட்டு வருடத்தால், மலையகத் தமிழர் கல் மேல் கல் வைத்தது எதுவுமே சட்டத்தின் கண்ணில் இயல்பாகப் பழையதாவதில்லை. கோயில், லயன், பிரட்டுக்களம் எல்லாமே அப்படித்தான். இது அநியாயம், மாறவேண்டும்.

மாறும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. கோயில் எப்போது எழுந்தது என்பதற்குக் கல்வெட்டு, மணியில் பொறித்த வருடம், திருவிழா நோட்டீஸ், தோட்டத்துப் பழைய கணக்குப் புத்தகம் என்று கிடைப்பதையெல்லாம் திரட்டுங்கள். படங்களையும் சேர்த்து, வர்த்தமானியில் அறிவிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருங்கள்.

கும்பாபிஷேகத்துக்குச் சுவரெல்லாம் சீமெந்து பூசி, டைல்ஸ் ஒட்டப்போகிறோம். சரிதானே?
- எல்கடுவ வாசகர்

தயவுசெய்து வேண்டாம்! பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். உறிஞ்சிய ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். சீமெந்தும் எனாமல் பெயின்ட்டும் அந்த வாசலை அடைத்துவிடும். ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, சுவரையே உதிர்க்கும். நம் மழைக்கு இது சீக்கிரமே நடக்கும். சுண்ணாம்பையே திரும்பப் பூசுங்கள், மலிவும்கூட. மிச்சக் காசில் கூரை ஒழுக்கைப் பாருங்கள், பழைய கட்டடத்தைப் பெரும்பாலும் கொல்வது அதுதான்.

காட்டுக்குள் பழைய கல் தூண் கண்டோம். அடியில் புதையல் இருக்குமா?
- பெயர் வேண்டாம்

தூண்தான் புதையல். தோண்டினால் குற்றம். கண்டதைப் பொலிஸிலோ தொல்பொருள் திணைக்களத்திலோ சொல்லுங்கள்.

நக்கிள்ஸ் காடு உலக மரபுரிமை. அதற்குள் மனிதர் வாழ்ந்த தடத்துக்கு இடமில்லையா?
- லக்கல ஆசிரியர்

2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது இயற்கைக்காக. காட்டைக் காத்தது மிகச் சரி. ஆனால் ஏலக்காய் காயவைத்த கொட்டகைகளின் இடிந்த சுவர்கள் அதற்குள் பாசி பிடித்து நிற்கின்றன. அங்கே யார் வேலை செய்தார்கள், எந்த வழியாக மூட்டை சுமந்தார்கள் என்று உங்கள் மாணவர்கள் எழுதலாமே.

லயன்களை இடிக்க வேண்டும் என்கிறீர்களா, காக்க வேண்டும் என்கிறீர்களா?
- பண்டாரவளை வாசகர்

இரண்டையும்தான் சொல்கிறேன். எந்தப் பிள்ளையும் இனி பத்தடிக் காம்பராவில் வளரக்கூடாது. எல்லாருக்கும் காணியும் வீடும் வேண்டும். குடியேறிய பிறகு ஒரு லயனை மட்டும் விட்டுவையுங்கள். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டத்து லயனொன்றை 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கினார்கள். கரி படிந்த அந்த அடுப்படிச் சுவரைப் பார்த்த பிள்ளைக்கு, அம்மம்மா ஏன் எப்போதும் இருமினாள் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.